ஸ்பானிஷ் அதிகாரப் பத்திரம்: ‘ஓதோர்கா’வுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

மன்னார்குடி பத்திரக்காரர்:
முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், ஒரு வாய்க்கால் விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. வலென்சியாவில் இருக்கும் என் தங்கை மகன், வடுவூர்ப் பக்கத்தில் தகப்பனார் வழியில் தனக்கு வந்த நஞ்சையை விற்க என் பெயருக்கு அதிகாரம் எழுதி, அங்குள்ள நோட்டாரியோவிடம் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறான். தங்கைக்கு வாசித்துக் காட்ட அகராதியோடு உட்கார்ந்தேன். ‘கோம்பாரேதே’ என்றால் ‘தோன்றுகிறார்’ என்கிறது. தோன்றுவதற்கு அவன் என்ன ராஜகோபால சுவாமியா? ‘ஓதோர்கா’, ‘வழங்குகிறார்’. அன்னதானமா நடக்கிறது? ‘தோய் ஃபே’, ‘நம்பிக்கை தருகிறேன்’. ‘ஃபுவேரே’ என்ற சொல் அகராதியிலேயே இல்லை.

கும்பகோணத்துப் பெண், இப்போது மத்ரீதில்:
ஐயா, சொற்களெல்லாம் உங்கள் கையிலேயே இருக்கின்றன. முதலாவது ‘ஆஜராகி’, அடுத்தது ‘எழுதிக்கொடுத்த’. உயில், கிரையம், அதிகாரம் எதுவானாலும் இங்கே ‘ஓதோர்கா’தான். ‘தோய் ஃபே’ என்பது நோட்டாரியோ தம் பதவியின் பெயரால் தரும் சான்று. கடுமையான போட்டித் தேர்வு எழுதி அரசு நியமனம் பெறுபவர் அவர். நம் கோர்ட் வாசல் நோட்டரியைப் போல நினைத்துவிடாதீர்கள். ‘ஃபுவேரே’ அன்றாடப் பேச்சில் அநேகமாகச் செத்து, சட்டத்தில் மூச்சு விடும் வினை வடிவம். 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் கொலையைப் பற்றிய 138ஆம் பிரிவும் ‘மதாரே’ என்று அதே வடிவத்தில்தான் பேசுகிறது. நீங்கள் ‘தேவைப்படின்’, ‘நேரிடின்’ என்று எழுதுவீர்களே, அதுதான்.

ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: ‘வெந்தேர்’ (விற்பது) அல்லது ‘எனாஹெனார்’ என்ற சொல் இருக்கிறதா? ஸ்பெயின் சிவில் சட்டம் 1713ஆம் பிரிவின்படி, பொதுப்படையாகக் கொடுத்த அதிகாரம் சொத்தை நிர்வகிக்க மட்டுமே செல்லும். விற்பதற்கு வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

திருவாரூர் குமாஸ்தா:
சொல் ஆராய்ச்சி இருக்கட்டும். அப்போஸ்தில், அதாவது ஒரு நாட்டுப் பத்திரத்தை வேறு நாட்டில் ஏற்பதற்கான சான்று, இணைந்திருக்கிறதா? அங்கே அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் படியும் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யும் தமிழாக்கம் தங்கைக்கு மட்டும்தான் ஆகும். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, இந்தியா வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உறை என்றைக்கு வந்தது?

மன்னார்குடி பத்திரக்காரர்:
வந்து நாற்பது நாள் ஆகிறது. அப்போஸ்தில் கடைசித் தாளில் இருக்கிறது. ஆங்கிலப் படிக்குச் சொல்லிவிட்டேன். ‘எனாஹெனார்’ மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது, ‘பிறர் வசமாக்குதல்’ என்று அகராதி. அட, நம் ‘பராதீனம்’! ‘ஆஜராகி எழுதிக்கொடுத்த’ என்று தொடங்கித் தங்கைக்கு வாசித்தேன். “வெளிநாட்டுப் பத்திரம் என்றாயே அண்ணா, இது நீ எழுதினது மாதிரி இருக்கிறதே” என்று என்னையே சந்தேகப்படுகிறாள்.