பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய் சிஎஃப் கார்டு வந்த கதை

விண்டோஸ் 98 ஓடும் என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் முதல் வேலை காப்பி எடுப்பதுதான், மற்றதெல்லாம் அப்புறம். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி முழு இமேஜையும், அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் நகலை, எடுத்துவிட்டேன்.

மாற்றாகக் காம்பாக்ட் ஃபிளாஷ் (சிஎஃப்) மெமரி கார்டு போட்டேன். எஸ்டி கார்டு எங்கும் கிடைக்கும், ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் கம்ப்யூட்டரோடு பேசும் முறையான ஐடிஇ அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு சிப் மாற்றிக் கொடுக்க வேண்டும். சிஎஃப் கார்டுக்கு ஐடிஇ டிஸ்க்காக வேலை செய்யப் பிறவியிலேயே தெரியும். அடாப்டரில் பெரும்பாலும் வெறும் செம்புத் தடங்கள்தான்.

லேப்டாப் டிஸ்க்குக்கு 44 பின். மின்சாரமும் அதிலேயே வந்துவிடும். டெஸ்க்டாப்பின் 40 பின் என்றால் பவர் ஒயர் தனி. சில அடாப்டர்களைத் தலைகீழாகவும் செருக முடியும், அதனால் போர்டில் '1' என்று அச்சிட்ட மூலையைத் தேடிப் பார்த்துவிட்டே மாட்டினேன்.

கார்டு தேடும்போது எல்லோரும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். அது 'ஃபிக்ஸட் டிஸ்க்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறதா, 'ரிமூவபிள்' என்கிறதா என்பதுதான் முக்கியம் என்பேன். டாஸ் இதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் எக்ஸ்பி அப்படியல்ல: ரிமூவபிள் என்று தெரிந்தால் கார்டின் முதல் பார்ட்டிஷனை (பிரிவை) மட்டும் காட்டும், ரேம் போதாதபோது பயன்படுத்தும் பேஜ் ஃபைலையும் அதில் வைக்காது. தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று செய்யும் இண்டஸ்ட்ரியல் கார்டுகள் பெரும்பாலும் ஃபிக்ஸட்தான். நான் அதையே எடுத்தேன்.

கொள்ளளவிலும் பேராசை வேண்டாம். 486 சிப் காலத்துக் கம்ப்யூட்டர்களில், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் பலவற்றுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார்தான் டிஸ்க்கை அளக்கும் கணக்கு. செக்டாருக்கு 512 பைட் வைத்துப் பெருக்கினால் 504 எம்பி. அதற்கு மேல் கார்டு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இமேஜைக் கார்டில் எழுதிப் போட்டதும் லேப்டாப் முதல் தடவையே பூட் ஆனது. படிப்பது சட்டென்று நடக்கிறது. எழுதும்போதுதான், அதுவும் சின்னச் சின்ன ஃபைல்களாக நிறைய இருந்தால், ஒரு நொடி திணறி அப்புறம் ஓடும். ஸ்வாப் ஃபைல் (பேஜ் ஃபைலுக்கு விண்டோஸ் 98-இல் உள்ள பெயர்) இதை இன்னும் மோசமாக்கும், கார்டையும் தேய்க்கும். ரேமைக் கூட்டினேன், விண்டோஸ் 98 ரேம் தீர்ந்த பிறகே ஸ்வாப்பைத் தொடும்படி சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன். திணறல் வெகுவாகக் குறைந்தது.

ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாட் மினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. 2004-இல் வந்த அதற்குள் இருப்பது சிஎஃப் வடிவக் குட்டி ஹார்ட் டிஸ்க்கான மைக்ரோடிரைவ். அடாப்டரே வேண்டாம், கார்டை நேராகச் செருகி ஐட்யூன்ஸில் ரீஸ்டோர் கொடுத்தால் சரி.