கணவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு. ஹட்டனில் தங்க விசா வேண்டும் – அவசர உதவி

தேயிலைப்பூ: வணக்கம். என் கணவர் இந்தியாக்காரர். இப்போது ஹட்டனில் என்னோடு இருக்கிறார். விசா அடுத்த வாரம் முடிகிறது. இனி அவர் இங்கேயே இருக்க வேண்டும். டவுனில் ஒருவர் எல்லாம் செய்து தருவதாகப் பெரிய தொகை கேட்கிறார், கடவுச்சீட்டையும் தரச் சொல்கிறார். கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மஸ்கெலியாத் தம்பி: கடவுச்சீட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள் அக்கா. கல்யாணம் எங்கே நடந்தது? பதிவு செய்தீர்களா? எந்த விசாவில் வந்தார்?

கொட்டகலை டீச்சர்: அதோடு, உங்களுக்கு இலங்கைக் குடியுரிமைதானே? அவர் இங்கே ஏதாவது வேலை செய்கிறாரா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நுவரெலியா வியாபாரி: எதற்கு அலைச்சல்? கோல்டன் பாரடைஸ் விசா இருக்கிறது. 1 இலட்சம் அமெரிக்க டொலரை வங்கியில் வைப்பிலிட்டால் 10 வருடம் இருக்கலாம். 55 வயது தாண்டியவர் என்றால் மை ட்ரீம் ஹோம் விசாவுக்கு 15,000 டொலர் வைப்பும், மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து 1,500 டொலர் வரவும் இருந்தால் போதும்.

கொட்டகலை டீச்சர்: அண்ணா, அந்தப் பிள்ளை ஏஜென்ட் காசுக்கே தவித்துக்கொண்டு கேட்கிறது. 1 இலட்சம் டொலருக்கு எங்கே போகும்?

தேயிலைப்பூ: மன்னிக்கவும், அவசரத்தில் இதையெல்லாம் எழுத மறந்துவிட்டேன். நான் இலங்கைப் பிரஜை. அவர் ஈடிஏ (இணையவழிப் பயண அனுமதி) எடுத்து 30 நாள் சுற்றுலா விசாவில் வந்தார். கல்யாணம் கோத்தகிரியில் நடந்தது. அங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் கையில் இருக்கிறது. மாமாவின் பேக்கரியில் சும்மா உதவிக்கு நிற்கிறார். அவருடைய தாத்தா பொகவந்தலாவையில் பிறந்தவர், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர். அது ஏதாவது உதவுமா?

பழைய லயம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது. பேரனுக்கும் பொருந்தும். விசாவே வேண்டாம், நேரே குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கள்.

கண்டி வழிகாட்டி: சட்டத்தின் பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்பவர்களால்தான் சனங்கள் அலைகிறார்கள். எத்தனையோ இழைகளில் இதை விளக்கிவிட்டேன். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்கள், இலங்கையில் வசிக்கும் அவர்களது வழித்தோன்றல்கள், இவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். இந்தியக் குடியுரிமை பெற்றுப் போனவரின் பேரனுக்கு அல்ல. அகதியாகப் போய் முகாமில் இருந்தவர்களுக்காக 2009இல் வந்த திருத்தமும் இவருக்குப் பொருந்தாது. இலங்கைக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இதையெல்லாம் யோசிக்காமல் எழுதக் கூடாது.

பழைய லயம்: சரி, சட்டம் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் எது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. போகிறவர்களிடம் யார் கேட்டார்கள்? அந்தப் பேரன் இங்கே திரும்பி வந்தால் சுற்றுலாப் பயணியா?

கோத்தகிரிக்காரன்: நானும் அப்படிப் போன குடும்பம்தான் ஐயா. அப்பா தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். நீலகிரியில் எங்களை இன்றைக்கும் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் விரும்பி விண்ணப்பித்துப் போனவர்களும் உண்டு, எங்கள் தாத்தா அப்படித்தான். எல்லோரையும் பிடித்துத் தள்ளினார்கள் என்று எழுதாதீர்கள்.

பழைய லயம்: 1948இல் குடியுரிமையைப் பறித்த பிறகு அது என்ன விருப்பம்? இங்கே நாடற்றவராக இருப்பதா, அங்கே போவதா என்பது விருப்பமா?

மஸ்கெலியாத் தம்பி: இதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இப்போது அக்காவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறதே, அங்கே கேட்கலாமா?

கண்டி வழிகாட்டி: அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு வேலைகளுக்கு. இலங்கை விசாவை இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்தான் தரும். தங்கச்சி, இன்றைக்கே திணைக்கள இணையத்தளத்தில் சுற்றுலா விசாவை நீடிக்க விண்ணப்பியுங்கள். திகதி பிந்தினால் சிக்கல், அடுத்த விண்ணப்பத்திலும் அது இடிக்கும். பேக்கரிப் பக்கமே அவர் போகக் கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்று சொன்னாலும் எடுபடாது, சுற்றுலா விசாவில் வேலை செய்யத் தடை.

அப்புறம்தான் வாழ்க்கைத் துணைக்கான வதிவிட விசா. பத்தரமுல்லை சுஹுருபாயவில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கோரிக்கைக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டுச் சான்றிதழை அப்படியே கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் மாநில அரசின் சான்றுறுதி, அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரை, பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம். கடைசியாகக் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு.

கொட்டகலை டீச்சர்: பெயரையும் பாருங்கள் மகள். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதும்போது பெயரை மாற்றிவிடுவார்கள். என் மாணவி ஒருத்திக்கு அடையாள அட்டையில் புஷ்பலதா, பிறப்புச் சான்றிதழில் புஸ்பலாதா. அப்பாவின் பெயருக்கு நேரே 'சாமி' மட்டும், முன்பாதி இல்லை. இப்படி இருந்தால் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள், நேரம் இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தியே விடுங்கள்.

தேயிலைப்பூ: நீடிப்புக் கிடைத்துவிட்டது. ஏஜென்டிடம் போகவில்லை. சான்றிதழோடு அவர் சென்னைக்குப் போகிறார். என் பெயரிலும் பிழை இருந்தது, சத்தியக் கடதாசி முடித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

அக்கரப்பத்தனை: அக்கா, எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் நாங்கள் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. சத்தியக் கடதாசியை நீங்கள் எங்கே செய்தீர்கள்?

கண்டி வழிகாட்டி: அதற்குச் சத்தியக் கடதாசி உதவாது. முதலில் பதிவு. உங்கள் கணவர் இப்போது இந்தியாவிலா, இங்கேயா?