'தத்ரீஜ்': 'படிமுறைப்படுத்தல்' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

தொடக்ககால இஸ்லாமியச் சமூகத்தில் மாற்றங்கள் சிறிது சிறிதாகக் கொண்டுவரப்பட்டதைக் குறிக்கும் 'தத்ரீஜ்' என்னும் அரபுச் சொல்லுக்கு 'படிநிலைச் சீர்திருத்தம்', 'படிவளர்ச்சி' ஆகிய தமிழ்ச் சொற்கள் இந்தக் கலைச்சொல் அகராதிக்கான கலந்துரையாடலில் முன்மொழியப்பட்டுள்ளன. 'படிநிலை' என்றதும் சமூகவியல் மாணவர் மேல்கீழ் அடுக்கையே நினைப்பார். 'படிவளர்ச்சி'யோ தன்வினை, தானாக நிகழ்வதைச் சொல்வது.

மதுவிலக்கு தானாக நிகழவில்லை. மதுவில் பயனைவிடத் தீமை பெரிது என்று குர்ஆன் (2:219) முதலில் எடுத்துரைத்தது. பிறகு போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்றது (4:43). நாளுக்கு ஐந்து வேளை தொழும் சமூகத்தில் அந்த ஓர் ஆணையே குடிக்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டது. அதன் பின்னரே முழுத் தடை வந்தது (5:90). அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியதாக நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கிறார். மது அருந்தாதீர்கள் என்பதே முதல் கட்டளையாக இருந்திருந்தால், மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்னும் நபிகளாரின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களின் கருத்து புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. இறைவசனங்கள் வந்த வரிசையும், மக்களின் மனம் பக்குவப்படும்வரை பொறுத்து அவற்றை நடைமுறையாக்கிய நபிகளாரின் தலைமையும் இதில் பிரிக்க முடியாதவை.

ஆகவே 'படிமுறைப்படுத்தல்' என்பதை முன்மொழிகிறேன். 'படுத்தல்' என்னும் பிறவினை, செய்விப்பவர் ஒருவர் இருப்பதை உணர்த்திவிடும். சொல் சற்று நீளம்தான். ஆயினும் சுருக்கத்துக்காகப் பொருளை இழப்பது சரியன்று.

நபிகளாருக்குப் பின் இரண்டாவதாக ஆட்சி செய்த கலீபா உமர் (ரலி) செய்தவற்றையும் இச்சொல்லுக்குள் அடக்கலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஈராக்கின் சவாத் எனப்படும் வளமான வேளாண் நிலங்களைப் படைவீரர்களுக்குப் பங்கிடாமல் உழுதவர்களிடமே விட்டு கராஜ் என்னும் நிலவரி விதித்ததும், உதவித்தொகை வழங்கத் திவான் பதிவேட்டை ஏற்படுத்தியதும் கலந்தாலோசித்து எடுத்த புது முடிவுகள். ஒரே இலக்கை நோக்கிய அடுத்தடுத்த படிகள் அல்ல. அவற்றைச் 'சமூகப் புத்தாக்கம்' என்று தனியே வழங்கலாம். அங்கே 'புதுமை' என்று மட்டும் எழுதினால் தமிழ் முஸ்லிம் வாசகர் 'பித்அத்' (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தப்படுவது) என்று கொள்ளக்கூடும். ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகைக்கு மக்களை ஒரே இமாமின் பின்னால் திரட்டியபோது, இது நல்ல பித்அத் என்று உமர் அவர்களே சொன்னதுண்டு. எனினும் வழிபாட்டில் புதியது புகுத்துவது பற்றிய மார்க்க விவாதத்தை நிலவரியோடும் பதிவேட்டோடும் கலக்க வேண்டியதில்லை.

'தத்ரீஜ்' என்ற மூலச் சொல்லை அகராதிப் பதிவில் தமிழ்ச் சொல்லுக்கு அருகிலேயே தர வேண்டும். மதரஸாக்களில் பயின்றவர்கள் அதைக் கொண்டே தேடுவார்கள்.