ஸ்னோமொபைலுக்கு ஏர்பேக் பை: சிலிண்டரா, ஃபேனா, வெஸ்ட்டா?

பனித்தடம்:
வணக்கம். இருப்பது கனடாவின் கால்கரி. இதுவரை சமதளக் காட்டுப் பாதைகளில்தான் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டினோம். இந்தக் குளிர்காலம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோல்டன், ரெவல்ஸ்டோக் பக்கம் மலைக்குப் போகிறோம், நான்கு பேர். ஏஎஸ்டி 1 என்ற தொடக்கப் பனிச்சரிவுப் பயிற்சி முடிந்தது. பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), ஷவல், ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) எல்லாரிடமும் இருக்கிறது. பனிச்சரிவு ஏர்பேக் பைதான் பாக்கி, அதாவது தோளில் உள்ள கைப்பிடியை இழுத்தால் பலூன் விரிந்து நம்மைப் பனிக்கு மேலே வைத்திருக்க உதவும் முதுகுப்பை.

கடையில் சிலிண்டர் வைத்தது, மின்சார ஃபேன் வைத்தது என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். வெஸ்ட் மாதிரி ஒன்றும் இருக்கிறது. ஸ்கீ ஓட்டுபவர்களுக்கு எழுதிய ஒப்பீடுகள் நிறையப் படித்தேன். வண்டி ஓட்டுபவருக்கு எது சரி? 150 லிட்டர், 170, 200 என்று பலூன் அளவு வேறுபடுகிறதே, அது முக்கியமா? பாதி விலைக்குப் பழைய பை ஒன்று வருகிறது, வாங்கலாமா?

கைப்பிடி_இடப்பக்கம்:
லிட்டரைக் கடைசியில் பாருங்கள், முதலில் கைப்பிடி. பனிச்சரிவு ஆய்வாளர் பாஸ்கல் ஹேகெலி குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பனிச்சரிவில் மோசமாகச் சிக்கியவர்களில், ஏர்பேக் விரியாதவர்களின் இறப்பு விகிதம் 22 சதவீதம், விரிந்தவர்களுடையது 11. பாதியாகக் குறைகிறது. ஆனால் பை மாட்டியிருந்தும் ஐந்தில் ஒருவருக்கு அது விரியவே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவிக் கோளாறு அல்ல, கைப்பிடியை இழுக்கவில்லை என்பதுதான்.

ஸ்னோமொபைலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். த்ராட்டில் (வேகத்தைக் கூட்டும் விசை) வலது கட்டைவிரலில் இருக்கிறது. பனி உடைவது கண்ணில் பட்டதும் பக்கவாட்டில் தப்பி ஓட அந்த விரல்தான் வேண்டும். கைப்பிடி வலது தோளில் இருந்தால், வண்டியை விடுவதா பையை இழுப்பதா என்று அரை நொடி தடுமாறுவீர்கள். அந்த அரை நொடி உங்களிடம் இருக்காது. இடது தோளில் இருந்தால் வலது கை த்ராட்டிலை விடாது, இடது கை இழுத்துவிடும். சில மாடல்களில் கைப்பிடியைப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே கேளுங்கள். தப்பித்துவிடலாம் என்று தோன்றினாலும் இழுத்துவிடுங்கள். வீணாக விரிந்த பலூனை மடித்து உள்ளே வைக்க கால் மணி நேரம் போதும்.

கடைக்குப் போகும்போது ஹெல்மெட், கண்ணாடி, மலையில் போடும் அதே தடித்த கையுறை, மார்புக் கவசம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பையை மாட்டிக்கொண்டு ஷோரூம் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். பையின் அடிப்பகுதி சீட்டிலோ பின்னால் கட்டிய டனல் பையிலோ இடித்தால், ஒவ்வொரு குழியிலும் பை மேலே ஏறி ஹெல்மெட்டின் பின்புறம் முட்டும். குட்டையான பைதான் வண்டிக்கு ஏற்றது. 20 லிட்டருக்கு மேல் கொள்ளளவு அநேகமாகத் தேவைப்படாது. சாப்பாடு, உதிரி பெல்ட் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். ஷவலும் ப்ரோப்பும் மட்டும் முதுகில்தான் இருக்க வேண்டும். வண்டி புதைந்தால் அதில் கட்டிய ஷவலும் சேர்ந்து புதையும்.

கால் பட்டையை மறக்காதீர்கள். தொடைகளுக்கு நடுவே வந்து இடுப்புப் பட்டையில் மாட்டும் அந்த ஒற்றைப் பட்டை இல்லாவிட்டால், ஓடும் பனி பலூனைப் பிடித்து இழுக்கும்போது பை தலைக்கு மேலே கழன்று போய்விடும். பலர் அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

வெஸ்ட்டைப் பொறுத்தவரை, மார்பிலும் முதுகிலும் கவசம் சேர்ந்தே வருவது, எடை உடம்போடு ஒட்டி நிற்பது, இரண்டுமே வண்டிக்கு நல்லது. மரங்களுக்கு நடுவே ஓட்டினால் வெஸ்ட்டையே சொல்வேன். பிசிஏ ஃப்ளோட் வரிசையில் உள்ள மவுண்டன்ப்ரோ வெஸ்ட் இதற்கென்றே செய்தது.

வால்வு_ஓ-ரிங்:
சிலிண்டரா ஃபேனா என்பதற்கு வருகிறேன்.

சிலிண்டர் வகை எளிமையானது. கேபிளை இழுத்தால் வால்வு திறக்கும், பாயும் காற்று வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு மூன்று நான்கு நொடியில் பலூனை நிரப்பும். விலை குறைவு. தொல்லை எல்லாம் பராமரிப்பில் இருக்கிறது. ஃப்ளோட் சிலிண்டரில் 2700 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காற்று நிரப்ப வேண்டும். ஸ்கூபா கடையிலோ பெயின்ட்பால் கடையிலோ அதற்குரிய அடாப்டரோடு நிரப்புவார்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் தொட்டாலே சுடும். அந்தச் சூட்டில் அழுத்தமானி முள் 2700 காட்டும், ஆறியதும் அதில் ஒரு 200 பிஎஸ்ஐ வரை குறைந்துவிடும். ஆகவே ஆறவிட்டு, மறுபடி முள்ளைப் பார்த்து, குறைந்ததை நிரப்பச் சொல்லுங்கள். காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் வால்வில் உறையும்.

இன்னொன்று: வீட்டுக்குள் 20 டிகிரியில் 2700 காட்டிய சிலிண்டர், மைனஸ் 20-ல் சுமார் 2330 காட்டும். அது கசிவு அல்ல, குளிரில் அழுத்தம் குறைவது இயல்பு. கசிவா என்று அறிய, ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் வாரம் ஒருமுறை முள்ளைக் குறித்து வையுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். அதில் ஒரு நூலிழை ஒட்டியிருந்தாலும் காற்று போகும்.

ஃபேன் வகையில் ஆல்ப்ரைட் இ1, இ2 இரண்டும் சூப்பர் கெப்பாசிட்டரில் (பேட்டரிக்குப் பதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஓடுபவை. லித்தியம் பேட்டரி குளிரில் சோர்வது போல இது சோராது. யூஎஸ்பி-யில் சார்ஜ் ஏற்றிவிட்டு, இரண்டு டபுள்-ஏ செல்லும் போட்டு வைத்தால் அவை சார்ஜைத் தாங்கிப் பிடிக்கும். பிளாக் டயமண்ட் ஜெட்ஃபோர்ஸ் வகையில் மூன்று நிமிடம் கழித்துப் பலூன் தானாகவே காற்றிறங்கும். புதைந்தவருக்கு அது விட்டுப்போகும் வெற்றிடம் மூச்சுவிட உதவலாம். பலூனில் சிறு கிழிசல் விழுந்தாலும் ஃபேன் மறுபடி காற்றடிக்கும், சிலிண்டருக்கு அந்த வசதி இல்லை.

என் தேர்வு ஃபேன். காரணம் பயிற்சி. சிலிண்டரை ஒருமுறை இழுத்தால் கடைக்கு ஓட வேண்டும், அதனால் யாரும் இழுத்துப் பழகுவதில்லை. ஃபேனை வீட்டு முற்றத்தில் ஹெல்மெட்டோடும் கையுறையோடும் பத்து முறை இழுக்கலாம், செலவில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் சிலிண்டர் வாங்குங்கள், ஆனால் பருவம் தொடங்கும்போது ஒருமுறை இழுத்துவிட்டு நிரப்பி வையுங்கள்.

மலைச்சாரல்_தமிழ்:
தம்பி, இரண்டு பேரும் நல்ல விளக்கம் தந்திருக்கினம். லிட்டர் கேள்விக்கு நான் சொல்லுறன். அரிசி டப்பாவுக்குள்ள நிலக்கடலையைப் புதைச்சுக் குலுக்கினால் கடலை மேல வந்து நிற்கும். ஓடுற பனியிலும் பெரிய பொருள் மேல வரும், பலூன் உங்களைப் பெரிய பொருளாக்குது. 150 லிட்டரே அதுக்குப் போதும், 200 எண்டதுக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் குலுக்கல் இருந்தால்தான் கடலை மேல வரும். அதுதான் எங்கட ஓட்டத்தில பெரிய ஓட்டை. ஒருத்தற்ற வண்டி சரிவில மாட்டிக்கொள்ளுது, இன்னொருத்தர் உதவிக்கு ஏறுறார், மற்றவை அடிவாரத்தில எஞ்சினை நிறுத்திப்போட்டுப் பார்த்துக்கொண்டு நிக்கினம். மேல பனி உடைஞ்சால் அடிவாரத்தில நிக்கிறவைக்கு மேல அது வந்து குவிஞ்சு நிண்டுவிடும். அதுக்குப் பிறகு பனி ஓடாது, பலூன் தூக்க வழியில்லை. ஓடைப் பள்ளத்துக்குள்ள விழுந்தாலும் இதே கதிதான். மரத்திலயோ பாறையிலயோ அடிபட்டால் பலூன் காப்பாத்தாது.

ரெவல்ஸ்டோக் பௌல்டர் மலையில 2010 மார்ச் 13 அண்டு சரிவு விழுந்தது, கீழ கூடி நிண்ட ஆக்கள் மேல. இரண்டு பேர் செத்தவை, முப்பது பேர் அளவில காயம். 2008 டிசம்பரில ஃபெர்னி பக்கம் முதல் சரிவில புதைஞ்சவையைத் தோண்டிக்கொண்டிருந்தவைக்கு மேல அடுத்த சரிவு வந்தது. பதினொரு பேரில எட்டுப் பேர் போயிட்டினம்.

அதனால சரிவில ஒரு நேரத்தில ஒரு வண்டிதான். மாட்டின ஆள் தானே தோண்டி எடுக்கட்டும். மற்றவை பனி வந்து நிக்கிற எல்லைக்கு வெளியில, வண்டி முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, எஞ்சின் உடனே பிடிக்கிற மாதிரி நிக்கவேணும். ஹெல்மெட் கழட்டினாலும் பையைக் கழட்டாதேங்கோ, கைப்பிடியையும் உள்ள தள்ளி ஜிப்பைப் பூட்டாதேங்கோ.

பீக்கன் பற்றியும் ஒண்டு. தேடும்போது எல்லா வண்டி எஞ்சினையும் நிறுத்தவேணும், ஸ்பார்க் பிளக்கின்ர மின் இரைச்சல் பீக்கனின்ர 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் குழப்பும். சூடாக்கிற கையுறை, ஃபோன், ரேடியோ எல்லாம் ஓட்டும்போது பீக்கனில இருந்து 20 செ.மீ, தேடும்போது 50 செ.மீ தள்ளி இருக்கட்டும். மின்சார ஃபேன் பை வாங்கினால் அதின்ர கையேட்டிலயும் இந்தத் தூரத்தைப் பாருங்கோ.

பனித்தடம்:
மூவருக்கும் நன்றி. கைப்பிடி பற்றி யோசிக்கவே இல்லை. பழைய பை? விற்பவர் ஆறு வருடம் ஆனது என்கிறார், ஒரு தடவையும் இழுத்ததில்லையாம்.

வால்வு_ஓ-ரிங்:
ஒருதடவையும் இழுக்காதது நல்ல செய்தி அல்ல. ஆறு வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பலூன் எப்படி விரியும் என்று யாருக்கும் தெரியாது. அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், நிரப்பும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விரிந்த பலூனை ஓர் இரவு அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் தொய்ந்து தரையில் கிடந்தால் வேண்டாம். மடிப்பு ஓரங்களில் எலி கடித்த தடம், பெட்ரோல் வாடை, நரைத்த தையல் இருக்கிறதா பாருங்கள். சிலிண்டர் கழுத்தில் பொறித்த தேதியைப் படியுங்கள். மறுசோதனைக் காலம் தாண்டியிருந்தால் கடைக்காரர் நிரப்ப மாட்டார். வரிசை எண்ணை உற்பத்தியாளர் தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்றும் பாருங்கள். இழுத்துக் காட்ட மறுத்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.