தனியாளாக ஆப் செய்வோர் அனுபவங்கள்: இனிஷியலில் தொடங்கி ராகுகால அலாரம் வரை

புதூர்வாசி
நம்ம மதுரைப் பக்கம் தனியாளாக ஆப் போடுகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை புரோகிராம் எழுதுவதில் வருவதில்லை, பெயரில் வருகிறது. பிளே ஸ்டோரில் ஆப் ஏற்றும் கூகுள் தளமான பிளே கன்சோலுக்கு ஒரே தடவை 25 டாலர் கட்டியதும் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்க்கிற இடத்தில் மூன்று ஆள். முதலில் பான் அட்டையைக் காட்டி வங்கியில் பெயரை ஒன்றாக்குங்கள். பிறகு அதே எழுத்துகளை, இடைவெளி உட்பட, பேமென்ட்ஸ் புரொஃபைலில் (கூகுளிடம் உள்ள உங்கள் பணக் கணக்கு விவரம்) எழுதுங்கள். கணக்கைத் திறந்துவிட்டு அப்புறம் திருத்தலாம் என்று விட்டால் இழுத்தடிக்கும்.

ஆப் மூலம் காசு வாங்கினால் தனிநபர் கணக்கின் முழு விலாசமும் ஸ்டோர் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பூ மார்க்கெட் பக்கம்
12 டெஸ்டர் விதியைப் பற்றி எழுதுகிறேன். டெஸ்டர் என்றால் வெளியிடும் முன் ஆப்பைப் போட்டுப் பார்ப்பவர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு, 12 பேர் 14 நாள் விடாமல் குளோஸ்டு டெஸ்டில் (பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமான சோதனை) சேர்ந்திருந்தால்தான் புரொடக்‌ஷனுக்கு (எல்லோருக்கும் வெளியிடுவதற்கு) விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேராக இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆனது. சரியாக 12 பேரை வைத்துத் தொடங்காதீர்கள். ஒன்பதாம் நாள் ஒருவர் விலகினால் கணக்கு உதைக்கும். 18 பேராவது இருக்கட்டும்.

மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்கு விலை ஆப் என்றால் டெஸ்டர்களும் அவர்களாகவே இருக்கட்டும். சிக்கல் ஜிமெயிலில்தான். கடைக்காரர் போனில் இருப்பது பெரும்பாலும் மகனோ மகளோ திறந்து கொடுத்த கணக்கு. அவர் வாயால் சொல்லும் முகவரி ஒன்று, போனில் ஓடுவது வேறொன்று. பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, அங்கே தெரியும் முகவரியை ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். அதைப் பட்டியலில் சேர்த்தால்தான் லிங்க் திறக்கும். வீட்டில் மூன்று போனிலும் ஒரே ஜிமெயில் என்றால் அது ஒரு டெஸ்டர்தான்.

காசுக்கு டெஸ்டர் தரும் குழுக்கள் வேண்டாம். டெஸ்டர்கள் என்ன சொன்னார்கள், அதற்காக என்ன மாற்றினீர்கள் என்று விண்ணப்பத்தில் கேள்வி வரும். பூக்கட்டுகிற கையோடு தொடுவதால் பட்டன் பெரிதாக வேண்டும் என்று ஒரு வியாபாரி சொன்னதை எழுதினால் அது பதில். "நன்றாக இருக்கிறது என்றார்கள்" என்று எழுதினால் மறுபடி 14 நாள்.

நாள்காட்டி
பஞ்சாங்க ஆப் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு-ஸ்டார் விமர்சனங்களில் பாதி, "ராகுகாலம் முடிந்த பிறகு நோட்டிஃபிகேஷன் வருகிறது" என்பதுதான். பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு கருவியான ஒர்க்மேனேஜர் இதற்கு ஆகாது. திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு அதன் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், அதுவும் துல்லியமாக ஓடாது. குறித்த நொடியில் ஆப்பை எழுப்பும் எக்ஸாக்ட் அலாரம்தான் வேண்டும். ஆண்ட்ராய்டு 14-ல் புதிதாக நிறுவும் பெரும்பாலான ஆப்களுக்கு அந்த அனுமதி மூடியே இருக்கும். பயனரைச் செட்டிங்ஸுக்கு அழைத்துப்போய் வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்குத் தனி அனுமதி. போனை அணைத்துப் போட்டால் அலாரம் எல்லாம் அழிந்துபோகும். போன் மறுபடி ஆன் ஆனதும் அவற்றைத் திரும்பப் பதிய ரிசீவர் (அந்தச் செய்தி வந்ததும் ஓடும் சிறு நிரல்) எழுதுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சில கம்பெனி போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க ஆப்பைக் கொன்றுவிடும். ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்வது, பேட்டரியை "அன்ரெஸ்ட்ரிக்டட்" ஆக்குவது இரண்டையும் படத்தோடு தமிழில் ஆப்புக்குள்ளேயே வையுங்கள்.

இன்னொன்று. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை சுமார் 78.1. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் நம் சூரியன் 17, 18 நிமிடம் பிந்துகிறது. சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிட்டால் திங்கள் ராகுகாலம் பெரும்பாலான நாளில் காலண்டரில் போட்டிருக்கும் 7.30-க்குத் தொடங்காது. கணக்கு சரிதான், ஆனால் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒத்துப்போகாது, சண்டைக்கு வருவார்கள். இரண்டு முறையையும் கொடுத்து, காலண்டர் முறையை முதலில் வையுங்கள்.

வைகைக்கரை
நாள்காட்டி அண்ணன் சொன்னதோடு எழுத்துக் கணக்கையும் சேர்த்துக்கலாம். ஸ்டோர் தலைப்புக்கு 30 எழுத்து இடம். "மீனாட்சி" நமக்கு நாலெழுத்து, யூனிகோடில் (கணினி எழுத்துகளை எண்ணும் குறியீட்டு முறை) 8. "மதுரை மீனாட்சி" என்று போட்டாலே 14 இடம் தீர்ந்துவிடும். தலைப்பை யோசிக்கும்போதே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

தேடல் பெட்டி இதைவிட மோசம். "கொ"வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் வரும். பார்க்க ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. நார்மலைஸ் (இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு முறை) செய்தால் இது தீரும். "ஸ்ரீ"க்கும் இரண்டு வடிவம் உண்டு, அது நார்மலைஸில் தீராது. நீங்களே மாற்ற வேண்டும். "கௌரி"யை "கெளரி" என்று ளகரம் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். அதை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். திரையில் உள்ளதைத் தொடாமல், டேட்டாபேஸில் தேடலுக்கென்று வைத்த தனி நெடுவரிசையில் (column) மட்டும் மாற்றுங்கள்.

மாசி வீதி
ஆப்பில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் ஆட்மாபில் 10 டாலர் சேர்ந்ததும் விலாசத்தைச் சரிபார்க்கும் பின் (PIN) நம்பர் சாதாரணத் தபாலில் வரும், இரண்டிலிருந்து நான்கு வாரம். டிராக்கிங் கிடையாது. நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். மாசி வீதிச் சந்துகளில் பழைய கதவு எண், புதிய எண் குழப்பம் இருப்பதால் இரண்டையும் எழுதி, பக்கத்துக் கோயில் பெயரையும் சேருங்கள். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கடிதம் மாடிப்படியில் கிடந்து போகாது. 100 டாலர் தாண்டினால்தான் பணம். சோதிக்கும்போது டெஸ்ட் விளம்பர ஐடி மட்டும். உறவுக்காரர்களைக் கிளிக் பண்ணச் சொன்னால் கணக்கே போய்விடும்.

புதூர்வாசி
கடைகளுக்கு ஆப் செய்து கொடுப்பவர்கள், டெவலப்பர் கணக்கைக் கடைக்காரர் பெயரிலேயே திறக்க வையுங்கள். உங்கள் கணக்கில் ஒரே மாதிரி பத்து நகைக்கடை ஆப் ஏறினால் ஸ்பேம் என்று நீக்கப்படலாம், மற்ற ஆப்களும் சேர்ந்து ஆபத்தில் விழும். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தையும் முதல் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். டார்கெட் ஏபிஐ (எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கென்று ஆப் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் எண்) வருடம்தோறும் உயரும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்புக்கும் அப்டேட்டுக்கும் 35 வேண்டும் என்று ஆனது. "ஒரு தடவைதானே காசு கொடுத்தோம்" என்று கடைக்காரர் கேட்கும்போது காட்ட அந்தத் தாள் வேண்டும்.