குளிர் மாநிலத்திலிருந்து வெயில் மாநிலத்துக்கு: காரை அனுப்பிவைத்தவர்களின் அனுபவங்கள்

மினசோட்டாவிலிருந்து டெக்சஸுக்கு

மினியாபொலிஸிலிருந்து டாலஸுக்கு வேலை மாறியபோது எங்களிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஐ-35 நெடுஞ்சாலை மினசோட்டாவின் டுலூத்தில் தொடங்கி டெக்சஸின் லரேடோ வரை போகிறது. அதனால் வழியில் குழப்பம் இல்லை. ஆனால் கிளம்ப வேண்டியது ஜனவரியில். அயோவாவில் பனிப்புயல் பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு காரில், ஆளுக்கொரு குழந்தையுடன் நடுவழியில் நிற்க வேண்டும். எனவே ஒரு காரில் எல்லோரும் போவது, இன்னொன்றை லாரியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு விஷயம். "உடனடி கொட்டேஷன்" என்று வரும் தளங்களில் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். அவற்றில் பல, நம் விவரத்தைப் பல புரோக்கர்களுக்கு விற்றுவிடும். என் நண்பர் ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டு, ராத்திரி வரை ஓயாமல் வந்த அழைப்புகளால் போனை அணைத்தே வைத்துவிட்டார். நான் தனி மின்னஞ்சல் முகவரி வைத்து, நேரடியாகச் சில நிறுவனங்களிடம் மட்டும் கேட்டேன்.

இந்தத் தொழில் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். நம்மிடம் பேசுபவர்களில் பெரும்பாலானோர் புரோக்கர்கள். அவர்களுக்குச் சொந்த லாரி கிடையாது. நம் காரைப் பற்றிய விவரத்தையும், டிரைவருக்குத் தருவதாகச் சொல்லும் தொகையையும் சென்ட்ரல் டிஸ்பாட்ச் போன்ற தளத்தில் போடுவார்கள். அந்தப் பாதையில் போகும் லாரிக்காரர்கள் (கேரியர்கள்) அதைப் பார்த்து, கட்டுப்படியானால் எடுப்பார்கள். ஆக, புரோக்கர் சொல்லும் தொகை ஒரு மதிப்பீடு மட்டும்தான். ஒரு டிரைவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது விலை. எல்லோரையும்விட மிகக் குறைவாகச் சொல்பவரிடம் கொடுத்தால், அந்தத் தொகைக்கு எந்த லாரியும் வராது. கார் வாசலிலேயே நிற்கும். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கும்போது "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நாளைக்கே லாரி" என்று போன் வரும். அப்போது நமக்கு வேறு வழி இருக்காது.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி: "என் காரை எடுக்கப்போகும் கேரியரின் பெயரும் டாட் நம்பரும் எனக்கு எப்போது கிடைக்கும்?" டாட் நம்பர் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை லாரி நிறுவனத்துக்குத் தரும் பதிவு எண். வண்டி வருவதற்கு முன்பே தருகிறேன், டிரைவர் உறுதியான பிறகுதான் டெபாசிட் என்று சொன்னவரிடம் கொடுத்தேன். அவர் சொன்னது நடுத்தரமான விலை. நம்பர் கிடைத்ததும் மத்திய அரசின் லாரிப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ நடத்தும் சேஃபர் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அனுமதி நடப்பில் இருக்கிறதா, எத்தனை லாரிகள், சோதனைகளில் எத்தனை முறை நிறுத்திவைக்கப்பட்டன என்பதெல்லாம் அங்கே இலவசமாகத் தெரியும். புரோக்கர்கள் "எங்களுக்கு 75,000 டாலர் பாண்ட் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாண்ட் என்றால் பிணைத் தொகை. 2013 முதல் எல்லாப் புரோக்கருக்கும் அது சட்டப்படி கட்டாயம். ஆனால் அது நம் காருக்கான இன்ஷூரன்ஸ் அல்ல. கார் அடிபட்டால் கேரியரின் சரக்கு இன்ஷூரன்ஸ்தான் பேசும். அதன் சான்றிதழை அனுப்பச் சொல்லி, அதில் உள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். சின்ன வேலைதான், மனசுக்குப் பெரிய நிம்மதி.

குளிர் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாலையில் கொட்டும் உப்பு கார் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நிலையில் ஏற்றினால் எந்தக் கீறல் பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியாது. அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவும் இடமாகப் பார்த்து, ஏற்றும் நாளுக்கு முன்பு கழுவிவிடுங்கள். கழுவியதும் கதவு ரப்பர்களைத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரிக் குளிரில் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும், டிரைவர் வரும்போது திறக்காது. அப்புறம் நாலு பக்கமும், கூரையும், சக்கர வளையங்களும், மைலேஜ் காட்டும் இடமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைத்தேன். பெட்ரோல் கால் டேங்க் போதும். டோல் டேக்கைக் கழற்றி விடுங்கள். அது கண்ணாடியிலேயே இருந்தால் லாரி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது நம் கணக்கிலும் பணம் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

காரை ஏற்றும் லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பாது. பக்கத்தில் ஒரு பெரிய கடையின் பார்க்கிங் லாட்டில் சந்தித்தோம். டிரைவர் காரைச் சுற்றி வந்து, பில் ஆஃப் லேடிங் என்னும் சரக்கு ஒப்படைப்புப் படிவத்தில் உள்ள கார் படத்தில் ஏற்கெனவே இருந்த கீறல்களை எல்லாம் குறித்தார். நானும் கூடவே நடந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அவர் நல்ல மனிதர். "சட்டப்படி எனக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். வழியில் இறக்க வேண்டிய கார்களும் இருக்கின்றன. அதனால் மணி சொல்லிக் கூப்பிட மாட்டேன், வருவதற்கு முந்தைய நாள் சொல்கிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

டாலஸில் கார் வந்து இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. டிரைவருக்குக் கிளம்பும் அவசரம். நான் நிதானமாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பின்கதவில் புதிதாக ஒரு ஒடுக்கு இருந்தது. அவரிடம் காட்டி, படிவத்தில் எழுதவைத்து, அதற்குப் பிறகே கையெழுத்துப் போட்டேன். அவரும் மறுக்கவில்லை. ஏற்றும்போது எடுத்த படமும் இறக்கும்போது எழுதிய குறிப்பும் இருந்ததால் கேரியரின் இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குச் சேதம் வந்தால், கோரிக்கை வைக்கக் குறைந்தது 9 மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது மத்திய சட்டம். ஆனால் இறக்கும் இடத்தில் "சேதமில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த 9 மாதமும் பெரிதாக உதவாது. இருட்டோ மழையோ, பார்த்து முடிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

டெக்சஸில் குடியேறி 30 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் நம் பெயரில் இருந்த காருக்கு விற்பனை வரிக்குப் பதில் 90 டாலர் புதுக்குடியேறி வரி. சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் டாலஸ் போன்ற கவுன்ட்டிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு.

மிச்சிகனிலிருந்து புளோரிடாவுக்கு

மேலே சொன்னதோடு நான் சேர்க்க விரும்புவது காலம் பற்றி. குளிர்காலம் தொடங்கும் முன் வடக்கிலிருந்து புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய், வசந்தத்தில் திரும்புகிற ஓய்வுபெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் லாரிகளில் இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். வசந்தத்தில் இது அப்படியே தலைகீழ். வடக்கே போக இடமிருக்காது, தெற்கே லாரிகள் பாதி காலியாக வரும். நாங்கள் ஏப்ரல் கடைசியில் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து டாம்பாவுக்கு அனுப்பினோம். அக்டோபரில் அதே பாதைக்கு என் அலுவலக நண்பர் கொடுத்ததைவிடக் கணிசமாகக் குறைவு. வேலை சேரும் தேதி நம் கையில் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள்.

திறந்த ட்ரெய்லரா மூடியதா என்ற கேள்விக்கு, தினசரி ஓட்டும் காருக்குத் திறந்தது போதும் என்பது என் எண்ணம். டீலர்களுக்குப் புதுக் கார்கள் அப்படித்தான் வருகின்றன. மூடியதற்கு விலை கணிசமாக அதிகம்.

புளோரிடாவில் வேலையில் சேர்ந்தாலோ பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாலோ 10 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும். கார் லாரியில் வந்துகொண்டிருக்கும்போதே நாள் ஓடத் தொடங்கிவிடும், எனவே வேலை தொடங்கும் முன் கார் வந்து சேரும்படி பாருங்கள். வெளிமாநிலக் காருக்கு வின் எண்ணை (காரில் பொறித்திருக்கும் அடையாள எண்) ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்திலேயே செய்வார்கள், போலீஸோ நோட்டரியோகூடச் செய்யலாம். மாற்றிக்கொள்ளப் பழைய புளோரிடா நம்பர் பிளேட் இல்லாதவர்களுக்கு முதல் பதிவுக் கட்டணம் 225 டாலர் தனி. புளோரிடா இன்ஷூரன்ஸ் எடுத்த பிறகுதான் பிளேட் தருவார்கள். காரில் கடன் இருந்தால் பல மாநிலங்களில் டைட்டில் (உரிமைப் பத்திரம்) வங்கியிடம் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் காகிதம் வந்து சேர நாளாகும். லீஸ் கார் என்றால் லீஸ் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

நியூ ஜெர்சியிலிருந்து புளோரிடாவுக்கு, ரயிலில்

கிழக்குக் கடற்கரையில் இருப்பவர்களில் பலர் ஆட்டோ ட்ரெயினைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் 1983 முதல் ஓட்டும் ரயில் இது. வாஷிங்டனுக்குத் தெற்கே வர்ஜீனியாவின் லார்ட்டனில் ஏறினால், ஒர்லாண்டோ பக்கத்திலுள்ள சான்ஃபோர்டில் இறங்கலாம். ஏறக்குறைய 855 மைல். மாலை 5 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 10 மணி வாக்கில் போய்ச் சேரும். நம் காரும் அதே ரயிலில், மூடிய பெட்டிகளில் வரும். புரோக்கரும் இல்லை, லாரிக்காகக் காத்திருப்பதும் இல்லை.

என் அம்மா அப்பாவும் கூட இருந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஐ-95 நெடுஞ்சாலையில் இரண்டு நாள் காரில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. லார்ட்டன் வரை நானே ஓட்டினேன். அங்கே காரின் கதவில் ஒரு எண்ணை ஒட்டி, சுற்றிலும் பதிவு எடுத்துக்கொண்டு ஏற்றினார்கள். படுக்கை அறை எடுத்ததால் அப்பா கால் நீட்டித் தூங்கினார். அந்த ராத்திரி ஒன்றுக்காகவே அந்தப் பணம் தகும்.

நினைவில் வைக்க வேண்டியவை: காரை மட்டும் அனுப்ப முடியாது, ஆளும் ஏற வேண்டும். வழியில் காரிடம் போக முடியாது, எனவே மாத்திரை, போர்வை, பிள்ளைகளின் பொருள் எல்லாம் கையில் இருக்கட்டும். மற்றபடி, லாரிக்காரர்கள் டிக்கியில் ஒரு பெட்டிக்கு மேல் வைக்கவே தயங்குவார்கள். இதில் காரை நிரப்பிக்கொண்டு போகலாம், வீடு மாறுபவர்களுக்கு அது பெரிய வசதி. சான்ஃபோர்டில் கார் வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், நம் கார் எப்போது வரும் என்பதில் வரிசை கிடையாது. கூடுதல் கட்டணம் கட்டினால் முதலில் இறக்குவார்கள்.

இல்லினாயிலிருந்து அரிசோனாவுக்கு

எங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நாங்கள் பேசிய புரோக்கர் ஒரு கேரியரின் பெயரைக் கொடுத்தார். சிகாகோவில் காரை எடுக்க வந்த லாரியின் கதவில் வேறு பெயர். என் கணவர் கேட்டதற்கு "எல்லாம் ஒரே குரூப்" என்றார் டிரைவர். புரோக்கர் சொன்ன கேரியர், ஒப்புக்கொண்ட வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டிருக்கிறார். ஃபீனிக்ஸ் வந்ததும், பேசியதைவிட அதிகமாக ரொக்கமாகக் கொடுத்தால்தான் காரை இறக்குவேன் என்று டிரைவர் நின்றார்.

என் கணவர் குரலை உயர்த்தவில்லை. பேசிய விலை எழுதியிருந்த ஒப்பந்தத்தைக் காட்டினார். லாரியின் டாட் நம்பரைப் படம் எடுத்து, எஃப்எம்சிஎஸ்ஏவின் புகார்த் தளத்தில் அங்கேயே நின்று பதிவு செய்யத் தொடங்கினார். புரோக்கரையும் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு பேசிய தொகைக்கே கார் இறங்கியது. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். லாரிக் கதவில் இருக்கும் பெயரும் நம்பரும் நம்மிடம் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், ஏற்றும் இடத்திலேயே சாவியைக் கொடுக்காமல் புரோக்கரைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் கார் இன்னும் நம் கையில் இருக்கிறது. எத்தனை அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கார் வந்த பிறகு வெயில் தன் வேலையைக் காட்டும். பேட்டரி குளிரில்தான் சாகும் என்று நாம் நினைக்கிறோம். குளிரில் வண்டி கிளம்பாமல் போவது உண்மைதான், ஆனால் பேட்டரியின் ஆயுளை அரிப்பது சூடு. மூன்று நான்கு வருடமான பேட்டரியோடு வருகிறவர்கள் கோடை தொடங்கும் முன் சோதித்துவிடுங்கள். கூலன்ட் உறையாமல் காப்பது மட்டுமல்ல, கொதிக்காமலும் காக்கிறது. அதனால் வெயில் ஊர்தானே என்று வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுகிறவர்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். முன்கதவுக் கண்ணாடி வழியே அரிசோனாவில் 33 சதவீதம், புளோரிடாவில் 28, டெக்சஸில் 25 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும்.

பனிக்கால டயர் போட்டிருந்தால், அதோடு வராதீர்கள். அந்த ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலை செய்யவென்று மென்மையாகச் செய்தது. கோடையில் 43 டிகிரிக்கு மேல் போகும் ஃபீனிக்ஸ் தார்ச்சாலையில் சீக்கிரமே தேய்ந்துவிடும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். கிளம்பும் முன்பே மாற்றிக்கொண்டு, பழையதை அங்கேயே விற்றுவிடுங்கள். வடக்கே அதற்கு வாங்க ஆள் இருக்கிறது, இங்கே தேடிப் பார்த்தும் எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை.