லங்காப் சாலைக்கு 36-ஆ, 50-ஆ? கார்பன் வீல் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

தோட்டத்துச் சைக்கிள் (தாப்பா):

வணக்கம். வயது 46, எடை 81 கிலோ. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை என்பதால் வார நாளில் தனியாகத்தான் மிதிக்கிறேன், ஞாயிறு மட்டும் கும்பலோடு. லங்காப் பக்கம் சாலை சமதரை. கும்பல் 34 கிலோமீட்டர் வேகத்தில் போனால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு வளைவில் பிடி விட்டால் அவ்வளவுதான், தனியாக 28-க்கு மேல் ஏறாது. தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்குப் போய்ச் சேரும்போது மற்றவர்கள் பசியாறிவிட்டுப் பல் குத்திக்கொண்டிருப்பார்கள்.

சைக்கிள் டிஸ்க் பிரேக். அதோடு வந்த அலுமினிய வீல் ஜோடி 1,900 கிராம் (ஆலைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், மேனேஜரிடம் சொல்லாதீர்கள்). போனஸிலிருந்து 5,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். ஷிமானோ அல்டெக்ரா சி36 (ரிம்மின் ஆழம் 36 மி.மீ.), அதிலேயே 50 மி.மீ. ஆழமுள்ள சி50, இல்லாவிட்டால் கார்பன் ஸ்போக் போட்ட 50 மி.மீ. சீனத்து ஹூக்லெஸ் வீல். கடைசி வீல் 1,400 கிராமுக்குள் வருகிறது, மனசு அங்கேதான் போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேமரன் மலையும் ஏறுவேன். பயம் ஒன்றே ஒன்று: செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி. எதிரே வந்தால் இப்போதே ஹேண்டல் ஆடுகிறது.

கொய்யா ஊர்க்காரன் (பீடோர்):

தம்பி, முதலில் எடைக் கணக்கு. நீங்கள் 81, சைக்கிள் 9, மொத்தம் 90 கிலோ. 500 கிராம் குறைத்தால் அரை விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏற உங்களுக்கு நாலு மணி நேரம் என்றால், மிச்சமாவது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. லாத்தா இஸ்கண்டார் அருவியில் முகம் கழுவ நின்றாலே அது போச்சு.

காற்றுத்தான் பெரிய ஆள். வேகம் கூடக் கூட அதைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆனால் அந்தக் காற்றில் பெரும்பங்கை வாங்குவது நம் உடம்பு, வீல் இல்லை. முழங்கையை மடக்கிக் குனிந்து பத்து நிமிடம் மிதித்துப் பாருங்கள், செலவில்லாமல் கிடைப்பது தெரியும்.

ஹூக்லெஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ரிம்மின் உள்பக்கம் டயரைப் பிடிக்கும் மடிப்பு அதில் கிடையாது. காற்று 5 பாருக்கு, அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. கையில் இருக்கும் சாதா டயரை மாட்டவும் கூடாது. ஹூக்லெஸுக்கு ஏற்றது என்று டயர் கம்பெனியே சொல்லியிருக்க வேண்டும். 81 கிலோவுக்கு 28 மி.மீ. அகல டயர் என்றால் பின்வீல் அந்த வரம்பை உரசிக்கொண்டு நிற்கும். 30 போடுங்கள், காற்றைக் குறைத்து நிம்மதியாகப் போகலாம்.

மலைக்காற்று (கம்பார்):

அண்ணே, நான் 49 கிலோ. முன்னும் பின்னும் 50 மாட்டி ஒரு வருடம் ஓட்டினேன். லோரி நேராக வரும்போது பயமே இல்லை, அது கடந்து போன அடுத்த நொடிதான். அதுவரை தள்ளிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று, மறுபக்கமிருந்து இழுக்கும். ஹேண்டலை யாரோ பிடித்துத் திருப்பிய மாதிரி இருக்கும். முன்வீல் திரும்புகிற வீல், அதனால் காற்று அதில்தான் விளையாடும். பின்வீல் நம் எடைக்கு அடியில் பேசாமல் கிடக்கும். இப்போது முன்னால் 35, பின்னால் 50 போட்டிருக்கிறேன். உங்கள் எடைக்கு முன்னால் 45 வரை தாங்கும் என்று நினைக்கிறேன். யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்களேன்.

ஸ்போக் சாவி (ஈப்போ):

கடையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். கார்பன் ஸ்போக் இலேசு, விறைப்பு, எல்லாம் சரி. ஒன்று ஒடிந்தால் அதே ஸ்போக் கப்பலேறி வரும்வரை சைக்கிள் சுவரில் தொங்கும். இரும்பு ஸ்போக் என்றால் அளவு பார்த்து அன்று மாலையே கட்டித் தந்துவிடுவேன். போன மாதம் ஒருவர் இணையத்தில் வாங்கிய ரிம்மைக் கொண்டுவந்தார். லோரியிலிருந்து சிதறிய உதிரிப்பழத்தில் ஏறியிருக்கிறார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தட்டினால் மற்ற இடமெல்லாம் ‘டிக்’, அங்கே மட்டும் ‘டொக்’. விற்றவனுக்கு எழுதினார், பதிலே இல்லை. ஏஜென்ட் இங்கே இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு எதையும் வாங்குங்கள். வீலின் நடுவில் இருக்கும் ஹப்பையும் பாருங்கள், செம்மண்ணும் மழையும் சேர்ந்தால் பேரிங் சீக்கிரம் கரகரக்கும்.

தோட்டத்துச் சைக்கிள் (தாப்பா):

எல்லாருக்கும் நன்றி. கும்பலில் ஒரு நண்பர் சி50 ஜோடியை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தந்தார். 30-ஐத் தாண்டியதும் அடிவயிற்றில் கேட்பது போல ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம். வேகம் கூடியதோ இல்லையோ, அந்தச் சத்தத்துக்காகவே கொஞ்சம் அழுத்தி மிதித்தேன் என்பது உண்மை. மிதிக்காமல் விட்டால் ஹப் போடும் சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

தனியாக, அதே மூச்சில், 28 இருந்த இடத்தில் 29. காற்று எப்படி இருந்ததோ, அதை நம்பிச் சத்தியம் செய்யமாட்டேன். லோரி விஷயம் மலைக்காற்று சொன்னது அப்படியே: கடந்த பிறகுதான் இழுத்தது. இரண்டாவது லோரிக்கு முழங்கையைத் தளர்த்தி வைத்தேன், பரவாயில்லை. மூன்றாவது, தண்ணீர் டேங்கர், அதற்கு ஓரமாக இறங்கிவிட்டேன்.

கார்பன் ஸ்போக் ஆசையை விட்டாச்சு. முன் சி36, பின் சி50 என்று தனித்தனியாகத் தருவார்களா என்று கடையில் கேட்டிருக்கிறேன். அதற்குள் பழைய வீலுக்கே நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட்டேன். காற்றையும் 100 பி.எஸ்.ஐ.யிலிருந்து 75-க்கு இறக்கினேன். இத்தனை நாள் கல்லைக் கட்டி ஓட்டியிருக்கிறேன் போல.

அடுத்த வாரம் மலை ஏறுகிறேன். வழியில் பூர்வகுடி அஸ்லி மக்கள் கடையில் பெட்டாய்க் காய் வந்துவிட்டதாம். யாருக்கு எத்தனை கட்டு என்று இங்கேயே சொல்லுங்கள், வீல் தந்தவருக்கு முதல் கட்டு.